எப்போது அடிக்கும் என்று தெரியாத மணி

முத்துப்பேட்டையில் எங்களுக்குப் பக்கத்து வீடு சைத்தூன் பீவி அக்காவுடையது. டீக்கடைகளுக்குச் சமோசா பொரித்துக் கொடுப்பாள். கணவர் அப்துல் வஹாப் சவூதியில் லாரி ஓட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். அக்கா போய்ப் பேசிவிட்டு வந்து, நிம்மதியாக மாவு பிசைவாள்.

பிறகு செல்போன் வந்தது. கணவன்மார் வெளிநாட்டில் இருந்த வீடெல்லாம் மிஸ்டுகாலுக்குப் பழகியது. எடுக்கக் கூடாது, காசு போய்விடும். மணி அடித்து நின்றால் ‘உன்னை நினைத்தேன்’ என்று அர்த்தம். அக்காவும் பதிலுக்கு ஒன்று கொடுப்பாள். அந்த அன்பைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் அதற்கு நேரம் காலம் கிடையாது. ஒருநாள் ஓயாமல் வரும், ஒருநாள் வரவே வராது. வராத நாளில்தான் அக்கா போனை அதிகம் பார்த்தாள். “அமிர்தம், இப்ப அடிச்சுச்சுல்ல?” என்பாள். அடித்திருக்காது.

ஒருநாள் எண்ணெய் கொதிக்கும்போது மணி கேட்டு உள்ளே ஓடினாள். அதற்குள் குழந்தை ஹுமைரா கரண்டியை இழுத்துவிட்டாள். நல்லவேளை, சட்டி கவிழவில்லை. பிஞ்சுக் கையில் எண்ணெய் தெறித்ததோடு போயிற்று. போனைப் பார்த்தால், அன்று மணியே அடிக்கவில்லை.

நானாக இருந்தால் அந்தப் போனை உடைத்திருப்பேன். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

“பூத்துல பேசுனப்ப இந்தப் பித்து இல்லையே அமிர்தம். எப்ப வரும்னு தெரியாம இருக்கே, அதுதான் என்னைப் புடிச்சு ஆட்டுது.”

அன்றே வஹாபைக் கூப்பிட்டுப் பேசினாள். “சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்புறம் ஒருதடவை அடிங்க. மத்த நேரம் வேணாம்.”

அவருக்குக் கோபம். “அப்ப உன்னை நினைக்கவே கூடாதா?”

“நினைங்க. மணி அடிக்காதீங்க.”

போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். முதலில் பட்ட பாடு கொஞ்சமல்ல. டின் வரை போவாள், மூடியில் கை வைப்பாள், அழுதுகொண்டே திரும்புவாள். அசருக்கு முன் ஒருநாளும் திறக்கவில்லை. அப்படியொரு நெஞ்சுரத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மெல்ல மெல்ல அவள் காது அடங்கியது.

அடுத்த விடுப்பில் வஹாப் வந்தார். ஹுமைராவின் கைத்தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அங்க எனக்கும் இதே கதிதான் சைத்தூன். நீ பதிலுக்கு அடிக்கிறியான்னு வண்டி ஓட்டிக்கிட்டே போனைப் பார்ப்பேன். ரெண்டு தடவை லாரி ரோட்டை விட்டே இறங்கிடுச்சு. நீ மட்டும் நிறுத்தச் சொல்லலேன்னா, நான் வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.”

அக்கா, நான் நிற்பதைக்கூடப் பார்க்காமல், அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.