ஒரு மணி நேர விமானம்

கும்பகோணத்திலிருந்து வரும் எங்கள் அம்பாசிடர் பாபநாசம் தாண்டியதும் நிற்கிறது. சாலையை அடைத்துக் குறுவைக் கதிர் பரப்பியிருக்கிறார்கள். திருச்சியில் எனக்காக மெட்ராஸ் விமானம் காத்திருக்காது.

"ரோட்டுலயா நெல்லடிப்பாங்க?" என்று எரிந்து விழுகிறேன்.

வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்கிறாள். "குத்தகை கேசு நடக்குதுங்க. களத்துப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு மிராசுதாரு. ரோடு சர்க்காரோடதுதானே? சும்மா ஏத்திட்டுப் போங்க. டயர் பட்டா நெல்லு உதிரும்."

கதிர் மேல் ஏறிக் கடக்கிறோம். அவள் ஓடிவந்து ஜன்னலைத் தட்டுகிறாள்.

"சரியா உதிரலிங்க. ஒரு தடவ ரிவர்ஸ்ல வந்துட்டுப் போங்க."

"நான் ஏரோப்ளேன் பிடிக்கணும்மா!"

"மெட்ராசுக்கு அது எவ்ளோ நேரங்க?"

"முந்நூறு கிலோமீட்டர். ஒரே மணி நேரம்!" என்கிறேன், விமானத்தை நானே ஓட்டுகிற பெருமையோடு.

"அவ்ளோ சீக்கிரம் போயிடுமா? அப்பறம் என்னங்க அவசரம்?"

டிரைவர் அதற்குள் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிடுகிறார். "எங்க ஊர்லயும் இதே கேசுதான் சார்."

விமான நிலையத் திசையைப் பார்த்தபடியே கும்பகோணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.