முதல் உயிர்ச் சான்று

எங்கள் கேரளப் பக்கத்தில் அரசு வேலைக்காரர்கள் பலர் மே மாதக் கடைசியில் கூட்டமாக ஓய்வு பெறுவோம். எல்லோரும் மே மாதத்தில் பிறந்துவிடவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர்கள் எழுதிக்கொடுத்த பிறந்தநாள் அது. நான் பிறந்தது துலா மாத மழையில், அதாவது ஐப்பசியில் என்று அம்மா சொல்வாள். தேதிகளில் பித்துள்ள எனக்கு, அரசாங்கம் என்னைச் சில மாதங்கள் முன்கூட்டியே கிழவனாக்கிவிட்டது வெகுகாலம் வேடிக்கையாக இருந்தது. ஓய்வு நெருங்கியபோது அப்படி இல்லை.

காரணம் என் மேசை. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கருவூலத்தில் வேலை பார்த்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றுகளைச் சரிபார்ப்பவன் நான். ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குள் இறந்து, முதல் சான்றுக்கே வராமல் போனவர்களை, யாரும் சொல்லாமலே, மனதில் குறித்துக்கொண்டு வந்தேன். விசாரித்தால் வீட்டார் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள்: நோய் ஒன்றும் இல்லை, சும்மாதான் இருந்தார்.

எனக்கு முந்தைய ஆண்டு ஓய்வு பெற்ற பக்கத்து மேசை அண்ணனும் அப்படித்தான். வீட்டு முன்னால் சிட்அவுட் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், மூன்று நான்கு மாதத்தில் வந்த ஓணத்துக்கு உயிரோடு இருக்கவில்லை.

என் கடைசி நாளில் அலுவலகத்தார் வழக்கம்போல ஜீப்பில் என்னை வெள்ளறடையில் இருக்கும் என் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். டீயும் பழம்பொரியும் தின்றுகொண்டே ஒருவர் சொன்னார்: “சாரே, இனி சுகமாக்கும். தின்னணும், உறங்கணும். வேற என்ன சோலி உண்டு?” எல்லோரும் சிரித்தார்கள். ஜீப் திரும்பிப் போனதும் சிட்அவுட்டில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்காகக் கிடைத்த ரப்பர் விளை, சின்னத் தோட்டம், இருந்தது. ரப்பருக்கு விலை இல்லையென்று பால் வெட்டாமல் விட்டிருந்தோம். நானே கத்தி எடுத்தேன். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பட்டையைக் கீறி வெட்டினேன், பாலெடுத்தேன், ஆசிட் கலந்து உறையவைத்து ஷீட் அடித்தேன். மழைக்காலத்தில் வெட்டில் தண்ணீர் இறங்காமலிருக்க மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டினேன். ஒருநாள் விட்டால்கூட நெஞ்சு படபடத்தது.

“இஞ்ச பாருங்க, ஆருக்குப் பயந்து இந்த ஓட்டம் ஓடுதீங்க?” என்றாள் மனைவி. “மரமும் கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

“சும்மா இருந்தா உடம்பு கெட்டுப்போவும்.”

“பின்ன, இது நல்லாக்கும் ஒடம்பு! கண்ணாடில போய்ப் பாருங்க.”

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று தோன்றியது. இத்தனை படித்தும் அப்படித்தான் தோன்றியது.

முதல் சான்றுக்கான நேரம் வந்தது. கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் கைரேகை இயந்திரத்தை நகர்த்தி வைத்தாள். விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. வேறு விரல். சிவப்பு. பத்து விரலுக்கும் சிவப்பு.

“அங்கிளே, ரப்பர் வெட்டுவீங்களா?” என்றாள். “பாலும் ஆசிட்டும் பட்டு ரேகையே இல்ல. வெட்டுகாரங்க எல்லாருக்கும் இதுதான் பாடு.”

“அப்போ?”

“அப்போ என்ன, நீங்க இல்லன்னு மெஷின் சொல்லுது.” சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாவுக்குப் பயந்து செய்த வேலை என் விரல்களை அழித்திருந்தது. வராமல் போனவர்களின் வரிசையில் என்னையும் யாரோ சேர்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

“பயப்படாதீங்க அங்கிளே, கண்ணுல எடுக்கலாம்.” அவள் வேறொரு கருவியை முகத்தருகே கொண்டுவந்தாள். “நல்லா முழிச்சுப் பாருங்க. இமைக்கப்பிடாது.”

இமைக்காமல் பார்த்தேன். கண்ணீர் வந்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை. என்ன ஆகிறது பார்ப்போம் என்று கிடந்தேன். வெளிச்சம் ஜன்னலில் ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பயமும் போகவில்லை. இத்தனை மாதமும் நான் ஓய்வு பெறவே இல்லை, மேசையை ரப்பர் விளைக்கு மாற்றிப் போட்டிருந்தேன், அவ்வளவுதான் என்று தோன்றியது.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி அறைக்குள் வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை. குனிந்து, ஈரக் கையை என் மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

“மூச்சு உண்டு,” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. “எழும்பாண்டாம்,” என்றாள், “கெடங்க.” பிறகு கட்டிலின் ஓரத்தில் அவளும் உட்கார்ந்தாள்.