வசுமதியின் யவனப் பாடம்

குடியேறிய குளிர்தேச நகரத்தில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள கிரேக்கர் கடையில் ஆலிவ் காய்களை எட்டிப் பார்த்தபடி வசுமதி ஏதோ கேட்கிறார். கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுகிறார். வசுமதி பேசுவது கல்லூரியில் படித்த கிரேக்கம்தான். ஆனால் இரண்டாயிரத்து நானூறு வருடத்துப் பழைய கிரேக்கம். மயிலாப்பூர்க் கீரைக்காரியிடம் சங்கத் தமிழில் பேரம் பேசினால் அவள் என்ன செய்வாள்?

"நீ பேசறது அவங்களுக்கே புரியலையே" என்பார் கணவர் ஜெயசங்கர். பாலம் கட்டும் எஞ்சினியர்.

"அவங்க முப்பாட்டனுக்குப் புரியுங்க. எனக்கு அது போதும்."

வசுமதிக்கு நாற்பத்திரண்டு வயது. பனிக்காலத்திலும் புடவைதான், அதற்குள் கம்பளிக் கால்சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். வரைபடம் போடாமல் பேச வராது. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் சிந்தினால்கூட, அது கிரீட் தீவு மாதிரி இருக்கிறது என்பார்.

1974 இலையுதிர் காலத்தில், ஆசிரியர் வேலைக்கு ஏழு வருடம் மனுப் போட்டதற்குப் பலனாக, கிரேக்கர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் பாடம் நடத்த ஒரு மாலை வகுப்பு கிடைத்தது: பண்டைய கிரேக்க நாகரிகம். முதல் நாளே நாற்பது பேர். தையல்காரர்கள், சமையல்காரர்கள், பெரும்பாலும் கிரேக்கர்கள். புடவையைக் கண்டதும் முணுமுணுப்பு எழுந்தது. விலங்கு ரோமத்தில் குளிர்கோட்டு தைக்கும் ஸ்டாவ்ரோஸ் எழுந்து நின்றார். எங்கள் முன்னோர் கதையை ஓர் இந்தியப் பெண் சொல்வதா, வேறு ஆளைக் கேட்போம் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

வசுமதி சாக்பீஸை எடுத்தார். திரும்பிக் கரும்பலகையில் மத்தியதரைக் கடலை வரைந்தார்.

"உங்கள் முன்னோர் ஒரே நாடாக இருந்ததில்லை. நூற்றுக்கணக்கான ஊர்கள், ஊருக்கு ஊர் சண்டை. ஆனால் பேச்சு ஒன்று, தெய்வங்கள் ஒன்று, ஒலிம்பியா விளையாட்டு ஒன்று. குடியேறிய இடமெல்லாம் சந்தைச் சதுக்கமும் நாடக அரங்கும் கட்டினார்கள். மேற்கே மார்சேய், கிழக்கே ஆப்கானிஸ்தான்."

சாக்பீஸ் செங்கடலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"இது எங்கள் கடற்கரை. மிளகு வாங்க வந்தார்கள். யவனர் என்று பெயர் வைத்தோம். அவர்கள் கொண்டுவந்த மது எங்கள் பழம்பாட்டுகளில் இன்னும் மணக்கிறது. வந்த விருந்தாளியைப் பற்றிப் பேச வீட்டுக்காரிக்கு உரிமை இல்லையா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது.

"நானா, வேறு ஆளா என்று நீங்களே சொல்லுங்கள். ஏதென்ஸ் சபையில் செய்ததுபோல், நான் வேண்டுமென்றால் கை தூக்குங்கள். ஆனால் ஒன்று. அங்கே பெண்களுக்கும் அயலாருக்கும் கை தூக்க உரிமை கிடையாது."

ஒரு கை எழுந்தது. பிறகு ஐந்து, பத்து. கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் கைகள். ஸ்டாவ்ரோஸ் சுற்றிலும் பார்த்தார், மீசையைத் தடவினார், தன் கையையும் தூக்கினார்.

வசுமதி சாக்பீஸைக் கீழே வைத்தார். வெள்ளைத் தூள் படிந்த தம் வலது கையை, தோள் வலிக்கும் உயரத்துக்கு, நேராகத் தூக்கினார்.