கோபன்ஹேகன் கப்பலடியில் இருபது நிமிடம்

கப்பலில் கோபன்ஹேகனுக்கு வருகிறோம், ஆறேழு மணித்தியாலம் கரையில் நிற்கும், எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பலர். பதில் கீழே இருக்கிறது. அதற்கு முதல், நான் அந்தத் துறைமுகத்துக்கு முதன்முறை போன நாளைச் சொல்ல வேண்டும். 1988 ஆடி மாதம் அது. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆகவே இனிப்பான பயணக் குறிப்பைத் தேடி வந்தவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடுங்கள்.

அப்போது நான் டென்மார்க்கின் மேற்குப் பக்கம், ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி ரஞ்சினி மன்னாரில். அகதியாக என்னை ஏற்றுக்கொண்ட கையோடு அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு, பதினேழு மாதம் ஆகியிருந்தது. குடிவரவு அலுவலகத்திலிருந்து மூன்று கடிதம் வந்திருந்தது. மூன்றிலும் ஒரே வசனம்தான்: பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருக்கவும்.

ரஞ்சினியின் மூத்த அண்ணன் எட்வின் ஒரு உல்லாசக் கப்பலில் சமையலறை வேலை. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவர் எனக்கு எழுதியிருந்தார். கப்பல் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோபன்ஹேகனுக்கு வரும், பின்னேரம் ஐந்துக்கு வெளிக்கிடும், மத்தியானம் தனக்கு ஓய்வு, கட்டாயம் வரவும், நேரில் கதைக்க ஒரு விசயம் இருக்கிறது என்று. என்ன விசயம் என்று எழுதவில்லை.

வேலையில் ஒருநாள் லீவு எடுத்து, காலை 5.40 ரயிலில் ஏறினேன். அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. நீபோரில் ரயிலையே பெரிய படகுக்குள் ஏற்றி, ஒரு மணித்தியாலம் கடலைக் கடந்து கோர்சோரில் இறக்குவார்கள். மேல்தட்டில் பொரித்த மீனைக் கறுப்புப் பாணில் வைத்துத் தந்தார்கள். கடலில் காற்றே இல்லை, தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக ஒரு சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டேன். அண்ணையைப் பார்க்கப் போகிற சந்தோசமாகவும் இருக்கலாம்.

11.25க்குக் கோபன்ஹேகன். உள்ளூர் ரயிலில் ஓஸ்டர்போர்ட் போய், வழியில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி பன்னிரண்டு குரோனருக்கும், அவித்த குட்டி இறால் ஒரு பொட்டலமும், பாணும் வாங்கினேன். பழைய கோட்டையின் புல்மேட்டால் நடந்து லாங்கெலினி துறைமுகத்துக்குப் போக இருபது நிமிடம். எட்வின் அண்ணைக்குக் கோட்டையைக் காட்டி, மேட்டில் இருந்து சாப்பிட்டு, நகரத்துக்குள் ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாகத் திட்டம்.

கப்பலடியில் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன. பயணிகள் இறங்கினார்கள், ஏறினார்கள். சீருடை மாற்றிய பிலிப்பைன்ஸ் பெடியள் சிரித்துக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். ஒரு மணியாயிற்று, அண்ணையைக் காணவில்லை. இறங்கி வந்த ஒருவரிடம் ஆங்கிலத்தில் விசாரித்தேன். எட்வின் உள்ளேதான் இருக்கிறார், இலங்கையர் நாலு பேருக்கும் இன்றைக்குக் கரையிறங்க அனுமதி இல்லை என்றார்.

வாசல் காவலரிடம் போனேன். அது கப்பல்காரர் முடிவு என்றார். ஏணியடியில் நின்ற கப்பல் அதிகாரியிடம் போனேன். உங்கள் பொலிசுக்கு விருப்பமில்லை, இறங்கினால் இவர்கள் திரும்பி ஏறமாட்டார்கள் என்றார். மறுபடி காவலரிடம் வந்தேன். அவர் தோளைக் குலுக்கினார். பதினேழு மாதமாக எனக்கு நடந்துகொண்டிருந்தது இதே விளையாட்டுத்தான். கேட்கிற எல்லா மேசையிலும் இன்னொரு மேசையைக் காட்டுவார்கள்.  அந்த அதிகாரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளலாமா என்றுகூட நினைத்தேன், உண்மையாக.

இரண்டரைக்கு ஒரு சுற்றுலா பஸ் திரும்பி வந்தது. அதன் வழிகாட்டி, ஐம்பது வயதிருக்கும் டேனிஷ் பெண், கிர்ஸ்டன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். மத்தியானத்திலிருந்து இரண்டு தடவை என்னைக் கடந்து போனவர். தொலைந்துவிட்டீர்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டேனிசில் கொட்டித் தீர்த்தேன். அவர் ஏணியேறி உள்ளே போனார். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்து, இருபது நிமிடம் தருகிறார்கள், ஏணியடிச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள் என்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

எட்வின் அண்ணை வெள்ளை ஏப்ரனோடேயே இறங்கி வந்தார். நாலு வருசத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கட்டிப்பிடிக்கப் போனேன், அவர் கையை மட்டும் தந்தார். ஸ்ட்ராபெரியை நீட்டினேன், வாங்கவில்லை.

"தாசன், நீர் உண்மையைச் சொல்லும். உமக்கு இஞ்ச வேற ஆரும் இருக்கினமோ?"

அண்ணை விவரமாகச் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போனவர்கள் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார்கள், தாசன் மட்டும் இன்னும் கடதாசி வரவில்லை என்கிறானே, அங்கே வெள்ளைக்காரியோடு இருக்கிறானாம் என்று ஊரில் கதை. ரஞ்சினி அழுதுவிட்டு, அண்ணா, நீங்கள் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கோ என்றிருக்கிறாள்.

என் பையில் மூன்று கடிதமும் இருந்தன. எடுத்துக் காட்டினேன். டேனிஷ் எழுத்தை அண்ணை எப்படி வாசிப்பார்? "இதில என்ன கிடக்கெண்டு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பிழை சொல்ல முடியாது. அவர் தங்கைக்காகக் கேட்கிறார்.

நான் கிர்ஸ்டனைக் கூப்பிட்டு, இதை ஆங்கிலத்தில் இவருக்கு வாசிக்கச் சொன்னேன். முதலாவதை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். மூன்றாவதில் நடுவே நிறுத்தி, மேலே இருந்த திகதியையும் முதற்கடிதத்தின் திகதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அண்ணையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் மனைவியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள் அலுவலகத்தார் பதிலே சொல்லவில்லை."

அண்ணை சங்கிலிக்கு மேலால் என் தோளைப் பிடித்தார். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டார், மூலத்தையே கொடுத்தேன். மிச்சமிருந்தது ஏழு நிமிடம். பாணில் இறாலைக் குவித்து மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டோம். நாளுக்கு நானூறு பேருக்குச் சமைக்கிற மனிசன், கரை மிதித்து மூன்று கிழமையாம், வாய்க்குள் போட்டுக்கொண்டே பின்னால் தெரிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மணிக்கூட்டைக் காட்டினார். ஸ்ட்ராபெரிப் பெட்டியை அண்ணையின் கையில் திணித்தேன், மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து.

அந்தக் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ரஞ்சினி அடுத்த வருசம் இலையுதிர் காலத்தில் வந்தாள். விமான நிலையத்தில் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவளா?

இனி, கேட்டவர்களுக்குப் பதில். கப்பல் லாங்கெலினியில் நின்றால் பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். கடற்கன்னிச் சிலை நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆள் உயரம்கூட இல்லை, ஐந்து நிமிடம் போதும். கோட்டை மேட்டைச் சுற்றி நடக்க முக்கால் மணித்தியாலம், அனுமதி இலவசம். ஓஸ்டர்போர்டிலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் பத்து நிமிடத்துக்குள். பாணில் குட்டி இறாலும் எலுமிச்சையும் கேளுங்கள், பொரித்த மீனும் நல்லது. ஸ்ட்ராபெரி ஆனி, ஆடியில்தான் ருசி. கப்பல் வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முதலே திரும்பிவிடுங்கள். உங்கள் கப்பலில் எந்த நாட்டு ஊழியருக்குக் கரையிறங்க அனுமதி இல்லை என்றும் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். பயணிகள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் விசாரணை அறிக்கை வந்தது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடத் தமிழ் அகதிகள் நாங்கள் போட்ட விண்ணப்பங்களை நீதி அமைச்சர் வேண்டுமென்றே நகர்த்தாமல் வைத்திருந்தது வெளிவந்து, டேனிஷ் அரசாங்கமே பதவி விலகியது. தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் என் கையைக் குலுக்கி வாழ்த்தினார்கள், ஏதோ நான் பந்தயத்தில் வென்றது போல. வீட்டுக்கு வந்து ரஞ்சினியிடம் செய்தியை மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் உங்களைச் சந்தேகப்பட்ட அந்த நாளுகளை ஆர் திருப்பித் தருவினம்?" என்றாள். அறிக்கையில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.