பானெட்டுக்குள் நகப்பூச்சு

வெட்கக்கேடுதான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? இன்று காலை மனைவியின் நகப்பூச்சைத் திருடி, காரின் பானெட்டைத் திறந்து, பாகத்துக்குப் பாகம் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

காரணம் உண்டு. வாரண்டி முடியப்போகிறது. பணம் கட்டி அதை நீட்டிக்க வேண்டுமென்றால் அம்பத்தூர் ஷோரூமில் வண்டியைச் சோதனைக்கு விட வேண்டுமாம். உள்ளே கொண்டுபோய் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டால்?

ஷோரூமில் பானெட்டைத் தூக்கியதுமே மெக்கானிக் என்னை முறைத்தார்.

"இன்னா சார், வெளிய குட்த்து பிரிச்சிகீறீங்க? பிரிச்சவன் பெயிண்ட்ல அடையாளம் வெச்சிகீறானே! வெளியாள் கை வெச்ச வண்டிக்கு வாரண்டி கெடையாது."

"ஐயோ, அது எங்க வீட்டம்மா நெயில் பாலிஷுப்பா!"

"ஊட்டம்மாவுக்கு இஞ்சின்ல இன்னா சார் வேலை?"

கூட வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டு கையை நீட்டினாள். அவள் நகத்தையும் பாட்டரியையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் அவர் சிரித்தார். வாரண்டி கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் ஒரு பொட்டுகூட இல்லை. தின்னர் தொட்டுப் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இது உபகாரமா, கைவரிசையா? நீங்களே சொல்லுங்கள்.

எந்தெந்தப் பாகத்தில் வைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே எனக்குப் பெயர் தெரிந்தது பாட்டரி ஒன்றுதான்.