ஆறாத காது

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மாதமும் கிழமையும் முன்னும் பின்னுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கூடலூர்ப் பக்கம். அப்போது வெள்ளைக்காரன் காலம். ஐப்பசியில் எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அதற்காக மட்டும் அப்பா மாமாவை அழைத்தார். இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. வயலை விட்டுவிட்டு, மாமா மலையாளத்து மலையில் புல்தைலம் காய்ச்சப் போய்விட்டார் என்று அப்பாவுக்குக் கோபம். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அந்த ஒரு தம்பிதான். இனி எப்போது வருவானோ என்று அடுப்படியில் அழுதாள்.

அடைமழையில் என் காது சீழ் பிடித்தது. மஞ்சளுக்குக் கேட்கவில்லை. காதுச் சோணை அழுகி அறுந்துவிடுமோ என்று பயந்து அம்மா மலைக்கு ஆள் விட்டாள். சந்தை நாளில் மாமா ஒரு சின்னக் குப்பியோடு இறங்கி வந்தார். திறந்ததும் வீடெல்லாம் எலுமிச்சை வாசம். நல்லெண்ணெயில் சில சொட்டு கலந்து காதில் தடவினார். எரிச்சலில் ஊரைக் கூட்டினேன்.

அப்பா மாமாவிடம் பேசவில்லை, மாட்டிடம் பேசினார்.

"ஏலே மயிலை, நீ திங்கிற புல்லை அவிச்சு விக்கிறாகளாம். கேட்டுக்கிட்டயா?"

மாமா சிரித்துக்கொண்டே, கையில் மிஞ்சிய எண்ணெயைச் சுவரில் தொங்கிய அப்பாவின் அரிவாளில் துடைத்துவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு சந்தைக்கும் இப்படித்தான். முதலில் என் காது, மிச்சம் அரிவாளுக்கு.

அந்த மழையில் ஊரில் எல்லார் வீட்டு இரும்பும் துருவேறிச் சிவந்து கிடந்தது. அப்பாவின் அரிவாள் மட்டும் வாங்கின அன்றைக்குப் போல இருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்த சந்தை நாளில் பார்த்தால், அரிவாளுக்குப் பக்கத்தில் மண்வெட்டியும் களைக்கொத்தும் வரிசையாக நின்றன.

மாமா நின்று பார்த்தார். "ஏக்கா, இதுகளுக்கும் காது குத்தியாச்சா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குள் எனக்கு வலி விட்டுப்போயிருந்தது. "வலிக்கலைம்மா" என்றேன்.

"சும்மா இரு ஆத்தா. இன்னும் ஈரம் இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து வந்து, வெளிச்சத்தில் என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, ஆறலைதான். அடுத்த சந்தைக்கும் வந்துருங்க மாப்ளே. இப்ப இருந்து சாப்பிட்டுப் போங்க."

காய்ந்த காதைக்கூடப் பார்க்கத் தெரியவில்லையே இவர்களுக்கு என்று எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவோ இலையை விரித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பங்குனி வெயில் வரைக்கும் மாமா வந்துகொண்டிருந்தார். என் காதும் அதுவரை ஆறவில்லை. ஐப்பசியில் குத்திய காதுக்கு இந்தக் கணக்குச் சரிதானா என்று, விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.