கடைசிக் காசோலை

எறிகணைச் செல்லின் துண்டு பட்டு, ஆசிரியரான என் கணவரின் வலக்கை கிழிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. “நரம்பு அறுந்திருக்கு. கெதியாக் கொழும்புக்குக் கொண்டு போங்கோ. பிந்தினால் கை வழங்காது” என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு வேண்டிய பணம் வங்கியில் இருந்தது; கணக்கு அவர் பெயரில் மட்டும். காசோலைப் புத்தகத்தில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். புதுப் புத்தகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். பாதை பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் அதை நம்பி இருக்க முடியாது.

நான் அதுவரை காசோலை எழுதியதில்லை. அவர் காய்ச்சலோடு படுத்திருந்தபடி சொல்லச் சொல்ல எழுதினேன்.

“திகதியைப் போடும். பிறகு உம்மடை பேரை எழுதும். மிச்ச இடத்திலை கோடு இழுத்துவிடும், வேறை ஆரும் ஒண்டும் சேர்க்க ஏலாதபடி.”

“நீங்கள் மூலையிலை ரெண்டு கோடு போடுவீங்களே, அதையும் போடவோ?”

“ஐயோ, போட்டிடாதையும்! போட்டால் காசாக் கையிலை தரமாட்டினம், கணக்கிலைதான் போடுவினம். உமக்கு எங்கை கணக்கு?”

பேனையைச் சட்டென்று தூக்கிக்கொண்டேன். கை வியர்த்து, தாளில் பட்டுவிடுமோ என்று சேலையில் துடைத்தேன். தொகையை எழுத்தில் எழுதும்போது தொலைவில் குண்டு போடும் பொம்மர் விமானம் இரைந்தது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் வெட்டித் திருத்தி, பக்கத்தில் அவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அந்தக் கையெழுத்தைத்தானே வலக்கையால் வைக்க வழியில்லை. ‘மட்டும்’ என்று எழுதி முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. கடைசியில் அவர் இடக்கையால் கையெழுத்து வைத்தார். அது அரிவரிப் பிள்ளையின் எழுத்துப்போல் கோணிக் கிடந்தது.

வங்கி அப்போது ஒரு வீட்டில் இயங்கியது. அங்கிருந்த அதிகாரி, தம்மிடமிருந்த மாதிரிக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது ஆர் வைச்ச கையெழுத்து?”

கள்ளக் கையெழுத்து என்று நினைக்கிறார். நடந்ததைச் சொல்லி அழுதேன்.

“அவர் எங்களுக்கு முன்னாலை பெருவிரல் அடையாளம் வைக்கவேணும். கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?”

“ஏலாது, ஐயா. நல்லாக் காய்ச்சல்.”

அவர் மைப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “வெளிக்கிடுங்கோ, நானும் வாறன்.”

இருவரும் சைக்கிளில் கொக்குவில் ஊருக்குள் வரும்போது மேலே ஹெலிகொப்டர் சுடத் தொடங்கியது. மதிலோரம் குப்புறப் படுத்தோம். அவர் ஒரு கையால் நெஞ்சோடு சட்டைப்பையைப் பொத்தியிருந்தார். காசோலையும் அதற்குள்தான் இருந்தது.

வீட்டுக்குள் கால் வைக்கவும் பொம்மர் திரும்பி வந்தது. கணவரைத் தாங்கிக்கொண்டு பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கினோம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால் அதிபரும் உள்ளே இருந்தார்.

“இவரும் எங்கடை பாங்கிலை கணக்கு வைச்சிருக்கிறவர்தான். சாட்சிக்கு ஆள் கிடைச்சிட்டுது” என்றார் அதிகாரி. பிறகு கணவரிடம் திரும்பி, “மாஸ்டர், இடக்கைப் பெருவிரலைத் தாங்கோ” என்றார்.

“குண்டு விழட்டும். அதுக்குப் பிறகு வைப்பம்” என்றார் கணவர்.

குண்டு விழுந்தது. நிலம் ஆடிக் காசோலையில் மண் கொட்டியது. அதிகாரி ஊதித் தட்டிவிட்டுக் கணவரின் விரலைப் பிடித்தார். மை கலைந்தால் வேறு தாள் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ரேகை சுற்றுச் சுற்றாகப் பதிந்திருந்தது. கீழே அதிகாரியும் தபால் அதிபரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

“பாங்கிலை பதிவு முடிக்கவேணும். நாளைக்குக் காலமை வாங்கோ” என்று காசோலையை எடுத்துக்கொண்டு அதிகாரி புறப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் போன பக்கமாகவே இன்னொரு குண்டு விழுந்த சத்தம் கேட்டது. எங்களுக்காக வந்த மனிசனுக்கு என்ன ஆனதோ! காசோலையைப் பற்றியும் நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

காலையில் வங்கியில் அவருடைய மேசை வெறுமையாக இருந்தது. கேட்கப் பயந்து சுவரோரம் கிடந்த மர வாங்கிலில் இருந்தேன். வெகுநேரம் கழித்து, முழங்காலில் துணி சுற்றி, நொண்டிக்கொண்டு வந்தார்.

“விழுந்துபோனன், தங்கச்சி. பயப்பிடாதேங்கோ, செக் சுகமா இருக்கு” என்றார்.

பணத்தை வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே, பாதை பூட்டியதால் கடலேரியைப் படகில் கடந்து போகப் புறப்பட்டோம். கொழும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று விரல்கள் அசைந்தன. மற்ற இரண்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன.